மணிவிழா மலரும் விடுபட்ட ஒரு பாதியும்

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்ட கதை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பௌதிகப் பேராசிரியர் கனகரத்தினத்துக்கு வருகிற மாதம் அறுபது வயது நிறைகிறது. மணிவிழா மலர் ஒன்று போடுகிறார்கள். மலர்க் குழு என்னைத் தொகுப்பாசிரியர் ஆக்கியது. பிறகு, "அப்பிடியே சேரின்ரை பெருமை விளங்கிற மாதிரி ஒரு கதையும் எழுதிப் போடுங்கோ. விஞ்ஞானக் கதையா இருந்தா நல்லம்" என்றது.

நான் மறுக்கவில்லை. முப்பது வருடமாக இணுவிலிலும் அயலிலும் இறந்தவர்களுக்குக் கல்வெட்டும் இருப்பவர்களுக்கு வாழ்த்துப்பாவும் எழுதி வருபவன் நான். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கிற அந்தச் சின்னக் கல்வெட்டுப் புத்தகத்தில், வேலிக்கு மேலால் ஒரு முருங்கைக்காய் நீட்டியறியாத மனிதரைக்கூட 'வாரி வழங்கிய வள்ளல்' ஆக்கியிருக்கிறேன். பொய் சொல்வதாக நினைக்கவில்லை. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் அவர் அப்படி ஆகியிருக்கக்கூடும் என்று நம்பியே எழுதினேன்.

முதல் தொடக்கம்:

"அறிவொளி பரப்பும் ஞாயிறாய், அணுவின் உள்ளும் புறமும் அறிந்த ஆசானாய்—"

(நிறுத்தினேன். ஞாயிறை ஏற்கெனவே எட்டுக் கல்வெட்டுகளில் பாவித்துவிட்டேன். எட்டுப் பேரும் அஸ்தமித்தவர்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"பேராசிரியர் கனகரத்தினம் ஒருபோதும் பிழை விட்டதில்லை."

இந்த வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோதுதான் சிவகௌரி கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள்.

2

சிவகௌரி எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுப் பிள்ளை. வெளியூரில் பட்டம் பெற்று வந்து, இப்போது பேராசிரியரின் துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளர். மார்கழியில் முடிந்து, பேராசிரியர் ஒப்பமிட்டால் தையில் மறுபடி தொடங்குகிற வேலை அது.

[எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கவேண்டாம். குடாநாட்டில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணவும் வேண்டாம். இந்தக் கதைக்காக நான் தனியாக ஒன்று கட்டியிருக்கிறேன். சுவருக்கு இன்னும் பூச்சுக் காயவில்லை.]

மலருக்குத் தன் வாழ்த்துச் செய்தியைத் தர வந்தவள் மேசையில் கிடந்த அட்டைப்படத்தைப் பார்த்தாள். நீல அட்டை. பேராசிரியர் தன் படத்தைப் போடவேண்டாம் என்றுவிட்டார். ஆகவே அவர் இருபத்திரண்டு வருடமாகப் படிப்பித்து வரும் சூத்திரம் ஒன்றைப் போட்டிருந்தோம். அந்தச் சூத்திரத்தை உலகமெங்கும் பொன் விதி என்பார்களாம். பெயரைக் கேட்டதும் பொன் எழுத்தில் அச்சடிக்கலாம் என்று சொன்னவன் நான்.

"வடிவா இருக்கே, பிள்ளை?"

"வடிவா இருக்கு அங்கிள்." அட்டையைத் திருப்பி வைத்தாள். "பிழையாயும் இருக்கு."

"எழுத்துப் பிழையே? இன்னும் அச்சுக்குப் போகேல்லை, திருத்தலாம்."

"எழுத்தில்லை. கணக்கே பிழை. நாலு மடங்கு."

நான் படித்தது வர்த்தகம். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அணுவுக்குள் இலத்திரன் குறிப்பிட்ட சில நிலைகளில்தான் இருக்கும். ஒளி அலை ஒன்று அதை மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தால், ஒரு நிலையிலிருந்து மேல் நிலைக்குத் தாண்டலாம். ஒரு செக்கனில் அப்படித் தாண்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? அதுதான் தாண்டல் வீதம். அதைக் கணிக்கிற முறையில் ஒரு நிபந்தனை உண்டு. அசைவு சிறியதாக இருக்கவேண்டும். அணுவையே புரட்டிப்போடுகிற அசைவுக்கு இந்தக் கணக்குச் செல்லாது.

(இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. சின்னச் சின்ன நன்மைகள் மனிதரை மாற்றும் என்று நானும் முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் எனக்கு ஒரு சூத்திரம் தரவில்லை.)

பிழை எங்கே என்றால், அந்த அலையைக் கணிதத்தில் எழுதும்போது அது சரிபாதியாக இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி இலத்திரனை ஏற்றும். மற்றப் பாதி இறக்கும். ஏறுகிற கணக்குக்கு ஏற்றுகிற பாதியை மட்டும் எடுக்கவேண்டும். வாய்ப்பு அதன் வர்க்கமாம்; பாதியை வர்க்கித்தால் கால். பேராசிரியரின் குறிப்பில் அந்தப் பாதி விடுபட்டுவிட்டது. ஆகவே விடை நான்கு மடங்கு பெரிது.

"சரி பிள்ளை, அட்டையில வேற ஏதாவது போடுவம். ஒரு குத்துவிளக்கு."

"அட்டை கிடக்கட்டும் அங்கிள்." கதிரையில் இருந்தாள். "இறுதி வருடப் பரீட்சையில அந்தக் கணக்கு வந்தது. முப்பத்திரண்டு விடைத்தாள். முப்பத்தொண்டில சேரின்ரை விடை. ஒண்டில மட்டும் சரியான விடை. அந்த ஒண்டை நான்தான் சிவப்புப் பேனையால வெட்டினனான்."

"ஏன் வெட்டினனீர்?"

"புள்ளித் திட்டம் சேர் போட்டது. அதில அப்பிடித்தான் கிடக்கு. பன்னிரண்டு புள்ளிக் கேள்வி, மூண்டு போட்டன். மொத்தம் முப்பத்தாறு. சித்தியடைய நாற்பது வேணும். வெள்ளிக்கிழமை பரீட்சைச் சபை இருக்குது. அதோட சித்தியடைஞ்சவையின்ரை பட்டியல் முடிஞ்சுது."

அந்த மாணவனின் பெயரைச் சொல்லக்கூடாது, அது பரீட்சை ஒழுங்கு என்றாள். கையெழுத்தை வைத்துத்தான் தனக்கே தெரியும் என்றாள். மூன்று நிமிடம் கழித்து, "பாவம் அங்கிள், உந்த மயூரதன்" என்றாள்.

3

இப்போது கதைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தப் பாதி ஏன் விடுபட்டது?

எழுதிப் பார்த்தேன்: "தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில், கொட்டும் மழையில், சைக்கிள் கரியரில் கட்டியிருந்த குறிப்புக் கட்டிலிருந்து ஒரு தாள் நழுவி—"

நல்ல வசனம். மலர் வெளியீட்டு மண்டபத்தில் மூன்றாம் வரிசை வரை கண் கலங்கும். சிவகௌரியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இல்லை அங்கிள். சேர் அந்தக் குறிப்பு எழுதினது ரெண்டாயிரத்து மூண்டில. சமாதான காலம். மின்விசிறிக்குக் கீழ இருந்து எழுதினவராம்."

வசனத்தை வெட்டினேன். எங்களுக்கு நடந்த பெரிய துயரத்தின் மேல் ஒரு சின்ன மறதியைக் கட்டிவிடுவது பாவம். இதை நான் முன்பும் செய்திருக்கிறேன். ஒரு கல்வெட்டில், ஒருவரின் விவாகரத்தையே ஷெல்லடியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அடுத்த கேள்வி: இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் காணவில்லையா?

கண்டிருக்கிறார்கள். எல்லோரும் கண்டிருக்கிறார்கள். சிவகௌரி முதலில் சிரேஷ்ட விரிவுரையாளர் கிறிஸ்துநாயகத்திடம் போய்க் கேட்டாளாம். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெல்லச் சொன்னாராம்:

"எனக்குப் பதினொரு வருசமாத் தெரியும் பிள்ளை. சேர் பென்சன் எடுக்க இன்னும் அஞ்சு வருசம். பேந்து வடிவாத் திருத்துவம்."

"அதுவரைக்கும், சேர்?"

"அதுவரைக்கும் நான் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லித்தானே விடுறனான். பரீட்சையில சேரின்ரை விடையை எழுதுங்கோ, வெளிநாடு போனாப் பிறகு சரியானதை எழுதுங்கோ எண்டு. ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை."

அதுதான் ஏற்பாடு. அன்பான ஏற்பாடு. யாரும் யாரையும் நோகடிப்பதில்லை. நவராத்திரியில் துறையின் வாணி விழாவுக்கு அந்தக் குறிப்பைத்தான் கும்பத்தடியில் முதலில் வைப்பார்கள், மஞ்சள் துணியில் சுற்றி. இருபத்திரண்டு முறை கலைமகளின் காலடியில் இருந்துவிட்டு, இருபத்திரண்டு முறையும் அதே பிழையோடு எழுந்து வந்திருக்கிறது. நான் பக்தன். கலைமகளைக் குறை சொல்லமாட்டேன். திருத்துகிற வேலைக்காகத்தான் அவள் எங்களுக்குக் கண்ணும் பேனையும் தந்திருக்கிறாள்.

மயூரதனுக்கு மட்டும் ஏன் இந்த ஏற்பாடு தெரியவில்லை? கிறிஸ்துநாயகம் சொன்ன அன்று அவனுக்கு டெங்குக் காய்ச்சல். பிறகு நூலகத்தில் இருந்து தானே படித்தான். பிழையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் சரியாக எழுதிவிட்டான்.

4

கதைக்கு வில்லன் வேண்டும் என்று நான் பேராசிரியரைத் தெரிவுசெய்தேன்.

"அவருடைய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் கல்லாய்—"

(நிறுத்தினேன். அவர் கண்ணாடி போடுவதில்லை.)

ஆய்வுகூட உதவியாளர் செபநாயகத்திடம் போனேன். அட்டைக்குப் படம் தேடுவதாகச் சாட்டுச் சொன்னேன். பேராசிரியரைப் பற்றிக் கேட்டதும் அவர் ஒரு கதை சொன்னார்.

"போன வருசம் ஒரு பிள்ளை கதிர்வீச்சு அளக்கிற குழாயைக் கைதவறி உடைச்சுப் போட்டுது. நடுங்கிக்கொண்டு நிக்குது. சேர் வந்தார், பாத்தார். பதிவேட்டில 'பழையதால் பழுதானது' எண்டு எழுதி ஒப்பம் வைச்சார். அந்தக் குழாய் வாங்கி ரெண்டு கிழமைதான்."

"பொய்தானே அண்ணை?"

"பொய்தான். உமக்கு வேறை என்ன படம் வேணும்?"

வில்லன் கையைவிட்டுப் போனார். ஒரு பிள்ளைக்காகப் பொய் எழுதத் துணிந்தவர், இன்னொரு பிள்ளைக்காக உண்மை எழுதமாட்டாரா? எழுதுவார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அவருக்குத் தெரியாதே. இருபத்திரண்டு வருடமாக அவரைச் சுற்றி நின்று, அவர் மேலுள்ள மரியாதையால், அவருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மரியாதை என்ற பெயரில் ஒரு மனிதரை இவ்வளவு தனிமைப்படுத்த முடியும் என்று நான் அதற்குமுன் யோசித்ததில்லை.

5

அடுத்ததாக மயூரதன். அவனை நான் இப்படி எழுதியிருந்தேன்: "கிழிந்த சேட்டின் தோள்பட்டையை மறைத்தபடி, உரும்பிராய் வெங்காயத் தோட்டத்தின் நடுவே, அந்த ஏழை மாணவன்—"

"அங்கிள், அவையள் வசதியான ஆக்கள்," என்றாள் சிவகௌரி. "வீட்டில ரெண்டு உழவு மெசின் நிக்குது. தகப்பன் சுன்னாகம் சந்தையில பெரிய வெங்காய வியாபாரி."

வசதியானவர்களுக்கும் அநீதி நடக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு பகல் பிடித்தது. எங்கள் கதைகளில் அப்படி வழக்கமில்லை. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். மலரில் மாணவர் வாழ்த்து ஒன்று வேண்டும் என்பது சாட்டு.

மயூரதன் கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் போட்டிருந்தான். கையெல்லாம் கிறீஸ்.

"வாழ்த்தோ?" என்று சிரித்தான். "நான் எழுதினா சேருக்கு நட்டம் ஐயா. பரீட்சையில கோட்டை விட்டவன் வாழ்த்தினா என்ன சீர்?"

"முடிவு வரேல்லையே இன்னும்."

"வரத் தேவையில்லை. சோதனை முடிஞ்ச கையோட எல்லாரும் விடையைப் பொருத்திப் பாத்தம். முப்பத்தொரு பேருக்கும் ஒரே விடை. எனக்கு அதில கால்வாசி. வெக்கத்தில அதை ஒருத்தருக்கும் காட்டேல்லை. முப்பத்தொரு பேரும் பிழை விடுவினமே?"

நான் குனிந்து, கழன்று கிடந்த திருகாணி ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு கிழமை திருப்பித் திருப்பிச் செய்து பாத்தன். எனக்குக் கால்வாசிதான் வருது. எங்க பிழைக்கிறன் எண்டு கண்டுபிடிக்கேலாமல் இருக்கு. அப்ப எனக்கு உது ஏறாது எண்டுதானே அர்த்தம்? பட்டியலில பேர் இல்லாட்டி திருப்பி எழுதிறேல்லை எண்டு அப்பாட்டைச் சொல்லிப்போட்டன். பிரான்சில இருக்கிற மாமா பரிசுக்குக் கூப்பிடுறார். பேக்கரி வேலை. பாணுக்கு ஒருத்தரும் நிறுவல் கேக்கமாட்டினம்."

நிறுவல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பம்பியின் வாஷரை வெளிச்சத்தில் பிடித்து, நடு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தானே, அந்தப் பார்வையும் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். 'தம்பி, நீர்தான் சரி' என்று மூன்று சொற்கள். சொன்னால் சிவகௌரி பரீட்சை இரகசியத்தை மீறியவள் ஆவாள். அவளுடைய தை மாதம் போய்விடும்.

"கடவுள் பாத்துக்கொள்ளுவார் தம்பி," என்றேன்.

திரும்பி வரும்போது கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கந்தசுவாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் செய்யவேண்டிய வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

6

"நீர் நேரா அவரிட்டைச் சொன்னா என்ன?" என்று சிவகௌரியிடம் கேட்டேன்.

"ரெண்டு தரம் அறை வாசல் வரைக்கும் போனன். 'என்ன பிள்ளை?' எண்டார். 'பிறிண்டரில மை முடிஞ்சுது சேர்' எண்டன். ரெண்டாந்தரம் போகேக்க மை வாங்கி வைச்சிருக்கிறார்." தலையில் கை வைத்தாள். "எங்கடை பாடத்தில தடைசெய்யப்பட்ட தாண்டல் எண்டு ஒண்டு இருக்கு அங்கிள். இந்த நிலைக்கும் அந்த நிலைக்கும் நேர்த் தொடர்பு பூச்சியம். எவ்வளவு நேரம் அசைச்சாலும் தாண்டாது."

"அப்ப அவ்வளவுதானோ?"

"முதற்படிக் கணக்கில அவ்வளவுதான். ரெண்டாம்படிக் கணக்கும் இருக்கு. நடுவில வேறை ஒரு நிலை இருந்தா, அதைத் தொட்டுக்கொண்டு போகலாம். வீதம் நல்லாக் குறையும். ஆனா பூச்சியம் இல்லை."

"நடு நிலையில அது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நிண்டதெண்டு சொல்லேலாது. எந்த நடு நிலையால போனதெண்டும் கேக்கேலாது. இருக்கிற எல்லா நடு நிலையளையும் கூட்டித்தான் விடை."

நான் பேனையைக் கீழே வைத்தேன். எந்த வழியால் வந்தது என்று கேட்கமுடியாத செய்தி. எழுத்தாளன் ஒருவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

"பிள்ளை, மலரின்ரை அச்சுப்படியளை ஆர் பாக்கிறது?"

"சேர்தான். வேறை ஒருத்தரிலயும் அவருக்கு நம்பிக்கை இல்லை. அரைப்புள்ளியும் விடமாட்டார்."

"ஒவ்வொரு பக்கமும்?"

"ஒவ்வொரு பக்கமும்." நான் கீழே வைத்த பேனையைப் பார்த்தாள். "அங்கிள், என்ன செய்யப் போறியள்?"

"கதை எழுதப் போறன். கேட்டவைதானே."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான். கல்வெட்டு எழுதேக்க ஒரு வசதி இருக்கு. சம்பந்தப்பட்டவர் வாசிக்கமாட்டார்."

அவள் சிரித்தாள். பிறகு இன்னொன்று சொன்னாள். தாண்டுவதற்கு அசைவு மட்டும் போதாதாம். அங்கே போய்ச் சேர இடமும் இருக்கவேண்டுமாம். சூத்திரத்தின் கடைசி எழுத்து அதைத்தான் சொல்கிறதாம்: போய்ச் சேரக்கூடிய நிலைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன? இடமே இல்லையென்றால் வீதம் பூச்சியம். அந்த எழுத்தைப் பேராசிரியர் தன் குறிப்பில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) பேராசிரியர் வாசிக்கிறார். கண்ணீர் மல்க மாணவனைக் கட்டி அணைக்கிறார். அந்த வேளையில் கோயில் மணி ஒலிக்கிறது.

இது வேண்டாம். கட்டி அணைப்பதெல்லாம் பெரிய அசைவு, கணக்குச் செல்லாது. கோயில் மணியும் பூசைக்கு அடிக்கிறது. என் கதைகளின் கடைசி வரிக்கு அதை இதுவரை பதினான்கு முறை அடித்திருக்கிறேன், ஐயரிடம் கேட்காமல்.

(ஆ) பேராசிரியர் வாசிக்கிறார். யார் சொன்னது என்று விசாரிக்கிறார். தை மாதம் வருகிறது, ஒப்பம் வரவில்லை. சிவகௌரி—

எழுத மனமில்லை.

(இ) பேராசிரியர் வாசிக்காமல் கடந்து போகிறார். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டப்படுகிறது. பரிசில் ஒரு பேக்கரியில், மாக் குழைத்த கையோடு ஒருவன், தனக்கு வராத பாடத்தை நினைத்து—

இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே இதை நான் முடிக்கமாட்டேன். முடித்தால் மண்டபத்தில் எல்லோரும் "அருமையான சோகம்" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டை எடுப்பார்கள்.

8

ஆகவே முடிவு எழுதாமல், இந்தக் கதையின் முதல் வாசகரோடு நேராகக் கதைக்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். நீங்கள் இதை வாசிக்கிறீர்களா என்பதையே அவர்தான் தீர்மானிப்பார்.

சேர், வணக்கம்.

மலரின் அச்சுப்படிக் கட்டில் நாற்பத்தோராம் பக்கத்துக்கும் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் இதை வைத்திருக்கிறேன். இதற்கு வேறு பிரதி இல்லை. மலர்க் குழு பார்க்கவில்லை. கிழித்துப்போட விரும்பினால் கிழித்துப்போடலாம். அந்த இடத்தில் போட ஒரு வாழ்த்துப்பாவும் தயாராக இருக்கிறது, ஞாயிறு இல்லாமல்.

இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று தேடவேண்டாம். சிவகௌரி என்று எழுதியிருக்கிறேன். அது கிறிஸ்துநாயகமாக இருக்கலாம். செபநாயகமாக இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக உங்கள் வகுப்பில் இருந்து எழும்பிப்போனவர்களில் யாராவது கனடாவிலிருந்து எழுதியிருக்கலாம். பெயர்களும் ஊர்களும் நான் வைத்தவை. உங்கள் பெயர் உட்பட. எல்லோரையும் கூட்டித்தான் இந்தக் கதை வந்தது. அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

போய்ச் சேர இடம் இருக்கிறது, சேர். அதிகம் தேவையில்லை. புள்ளித் திட்டத்தின் ஓரத்தில் 'இந்த விடையும் ஏற்கப்படும்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் ஒரு புள்ளியும் குறையாது. யார் பிழை, யார் சரி என்ற கதை வெளியில் வராது. அந்த வரி முழு உண்மை இல்லை என்பது எனக்கும் தெரியும். முழு உண்மையை அடுத்த தவணையில், உங்கள் வாயாலேயே, கரும்பலகையில் சொல்லலாம். அது நடந்தால் நான் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் விளங்காது, ஆனாலும் வருவேன்.

நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. வர்த்தகம் படித்தவன், கல்வெட்டு எழுதுகிறவன். பரீட்சைச் சபை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. இன்று புதன். விடைத்தாள்கள் உங்கள் அறை அலுமாரியில் இருக்கின்றன. முப்பத்திரண்டிலும் அந்தக் கணக்கு எழுதப்பட்ட பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். முப்பத்தொன்று உங்கள் குறிப்பைப் போலவே இருக்கும். ஒன்றில் மட்டும் ஒரு பிள்ளை, சிவப்புக் கோட்டுக்கு அடியில், ஒரு வரிகூடத் தாண்டாமல், உங்களோடு கதைப்பதைப்போல எழுதியிருக்கிறானாம்.

எந்த விடைத்தாள், எந்தச் சுட்டெண் என்று நான் சொல்லமாட்டேன். வாசிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.